பேச்சு சேலத்தில், நடை ஏற்காட்டில்

பயோமெக்கானிக்ஸ் கருத்தரங்குக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் வந்த ஒரே கேள்வி, "சேலம்தானே, அப்ப ஏற்காடும் போவீங்களா?" என்பதுதான். பிசியோதெரபிஸ்ட், எலும்பு டாக்டர், மெக்கானிக்கல் இன்ஜினியர், ஓட்டப் பயிற்சியாளர் எல்லாரும் ஒரே அரங்கில் உட்கார்ந்து மனுஷன் எப்படி நடக்கிறான் என்று பேசுவதை வீட்டில் விளக்கிச் சொல்வது கஷ்டம். நானும் விளக்கவில்லை.

காலை அமர்வுகளில் பாதி ஃபோர்ஸ் பிளேட் (மிதிக்கும் விசையை அளக்கும் பலகை) வரைபடங்களே. நடக்கும்போது பாதம் தரையை அழுத்தும் விசை இரண்டு மேடும் நடுவில் ஒரு பள்ளமுமாக வரும். மேட்டில் உடல் எடையைவிடச் சற்றுக் கூடுதல், பள்ளத்தில் குறைவு. ஓடினால் இரண்டு, மூன்று மடங்கு வரை ஏறும். பழகிய படம்தான், கண் சொருகியது.

தூக்கம் கலைத்தது மதியம் பேசிய ஓர் ஆராய்ச்சி மாணவி. 1967இல் சோவியத் ஆய்வாளர்கள் கண்டதை வைத்துத் தொடங்கினார். நிற்கிறவரிடம் கையை முன்னால் தூக்கச் சொன்னால், தோள் தசைக்கு முன்பே கால் தசைகள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. கை நீண்டால் எடை மையம் முன்னால் சாயும் அல்லவா? சாய்ந்த பிறகு சமாளிப்பதில்லை, உடம்பு முந்திக்கொள்கிறது. ஸ்லைடில் எழுத்து பொடிப்பொடியாக இருந்தது, பேச்சு அருமை.

சாயங்காலம் தட்டுவடை செட். சேலம் போய் அதைச் சாப்பிடாமல் வருகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

மறுநாள் காலை ஒரு கூட்டமாக ஏற்காடு பஸ். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். உட்கார இடமில்லாத நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் பக்கத்து ஆள்மேல் சரிந்தோம். பஸ் திரும்பிவிடுகிறது, உடம்பு நேரே போகப் பார்க்கிறது. கண்டக்டர் மட்டும் எதையும் பிடிக்காமல் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். கவனித்தேன்: பஸ் திரும்புவதற்கு ஒரு கணம் முன்பே அவர் கால் அகன்று, முழங்கால் லேசாக மடங்குகிறது. நேற்று ஸ்லைடில் பார்த்தது காக்கிச் சட்டையில் நிற்கிறது!

"புடிக்காமலே நிக்கிறீங்களேண்ணா?"

"நான் ரோட்டைப் பாத்துக்கிட்டே சில்லறை குடுக்க முடியுமா சார்? அதெல்லாம் தானா வந்துரும். நீங்க உள்ள தள்ளி நில்லுங்க."

ஏரி, படகு, லேடிஸ் சீட் காட்சிமுனை எல்லாம் எல்லாரும் எழுதியாகிவிட்டது. நாங்கள் கிளியூர் அருவிக்கு இறங்கினோம். டிசம்பர் என்பதால் நல்ல தண்ணீர். வழி செங்குத்து. இறங்குவதில் மூச்சு வாங்காது, அதனால் சுலபம் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கிப் பிரேக் போடுகிறது. ஆக்சிஜன் செலவு குறைவு, தசை நார்களுக்குச் சேதம் அதிகம். வலி அன்றைக்கு வராது. ஓரிரு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும்.

திரும்பும் வழியில் காபித் தோட்டத்துச் சரிவில் பெண்கள் பழ மூட்டையைத் தலையில் வைத்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சின்னச் சின்ன அடி, மடங்கிய முழங்கால், ஆடாத தலை. தலைச்சுமைக்குப் பழகிய கென்யப் பெண்கள், உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை கூடுதல் சக்தி செலவில்லாமல் சுமக்கிறார்கள் என்று 1986இல் ஓர் ஆய்வு வந்தது. அது சமதள நடை. சேலம் கருத்தரங்கில் நான் பார்த்த ஆய்வுப் போஸ்டர்களிலும் எல்லாரும் சமதளத்தில்தான், அதுவும் ஆய்வுக்கூடத்து வழவழத் தரையில் நடந்தார்கள். இந்தச் சரிவு, இந்த மூட்டை, இந்த ரப்பர் செருப்பு, இவற்றை யார் அளப்பது? உடம்பில் ஒட்டி அளக்கும் சென்சார்கள் வந்துவிட்ட பிறகும் அறையை விட்டு வெளியே வராதது எனக்குச் சோம்பலாகத்தான் படுகிறது.

ஊர் திரும்பிய மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் சான்றிதழ் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "மாடிப்படி இறங்க முடியல" என்று வரிசையாகச் செய்திகள். மூத்த பேராசிரியர் ஒருவர் பதில் போட்டார்: "கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு பின்பக்கமா இறங்குங்க. நான் காலையிலேர்ந்து அப்படித்தான்."