பழைய மினி டிராக்டர்: இன்ஜினில் இன்னும் எவ்வளவு உயிர்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய மினி டிராக்டர் வாங்குகிறவர்கள் முதலில் மணி மீட்டரைத்தான் (இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டுவது) எட்டிப் பார்க்கிறார்கள். கேபிள் மீட்டராக இருந்தால், கேபிளைக் கழற்றியதும் மீட்டர் ஓடாது; வண்டி மட்டும் ஓடும். 900 மணி காட்டும் வண்டியில் கிளட்ச் பெடல் வழவழவென்று தேய்ந்திருந்தால் கணக்கு உதைக்கிறது.

“நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிடாதீங்க” என்று சொல்லிவையுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் போங்கள்; ஸ்டார்ட் ஆக எவ்வளவு சிரமப்படுகிறது என்பது ஆறிய இன்ஜினில்தான் தெரியும்.

நம்மூர்ச் செம்மண் புழுதிதான் முதல் எதிரி. ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். ஏர் கிளீனரைத் தாண்டிய இந்த இடத்தில் புழுதியே இருக்கக்கூடாது. விரலில் செம்மண் ஒட்டினால் அந்த இன்ஜின் மண்ணைத் தின்று ஓடியிருக்கிறது. மீட்டர் என்ன காட்டினாலும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், பிஸ்டன் ஓடும் குழாயான லைனரும் தேய்ந்திருக்கும். ஹோஸில் புது கிளாம்ப் போட்டிருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள்.

இன்ஜின் சூடானதும், ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் மூடியைத் திறந்து, துளைமேல் கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் சரி. புகை குபுகுபுவென்று வந்து மூடியைத் தள்ளினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம்) ரிங்கைத் தாண்டிக் கீழே கசிகிறது. சைலன்சரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கலாம்.

கண்மாய்ப் பாசனத்தில் தொளி அடித்த (தண்ணீர் நின்ற வயலில் சேறு உழுத) வண்டியா? கியர்பாக்ஸ் ஆயிலையும் பாருங்கள். பால்போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.