மூக்குக்குத் தெரியாதது

பழங்களை நறுக்கி டப்பாவில் அடைத்து அனுப்பும் ஆலையில், நுண்ணுயிர்ச் சோதனை பார்ப்பது என் வேலை. ஒரு பேட்சை நிறுத்தி வைத்தால் உற்பத்திப் பக்கமிருந்து உடனே ஆள் வந்துவிடும். "நல்லாத்தானே இருக்கு, ஏன் நிறுத்தி வச்சிருக்கீங்க?" கேட்பவர்மேல் தப்பில்லை. துண்டு பளிச்சென்று இருக்கும், மணமும் இருக்கும். கெட்டுப்போனதைக் கண்ணும் மூக்கும் காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பித்தானே எல்லோரும் வளர்ந்திருக்கிறோம்.

ஆனால் பழத்தைக் கெடுக்கிற கிருமி வேறு, ஆளைப் படுக்கவைக்கிற கிருமி வேறு. அன்னாசியில் ஈஸ்ட் பெருகினால் புளித்த வாடை அடிக்கும், மூடி உப்பும். பப்பாளியில் சூடோமோனாஸ் மாதிரியான பாக்டீரியா ஏறினால் ஓரம் கொழகொழத்து, டப்பாவின் அடியில் கலங்கிய நீர் தேங்கும். அதைப் பார்த்தால் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். ஆளைப் படுக்கவைக்கிற சால்மோனெல்லா, லிஸ்டீரியா போன்ற பாக்டீரியாக்கள் நோய் தருகிற அளவுக்கு இருக்கும்போதும் நிறம் மாறாது, வாடை வராது.

எனக்கு அதிகக் கவலை தருவது முலாம்பழம். வலை பின்னிய அதன் தோலை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: மேடும் பள்ளமுமாக, சொரசொரவென்று, மண்ணும் ஈரமும் ஒட்டிக்கொள்ளத் தோதான இடுக்குகள். தோல் முழுசாக இருக்கும்வரை கிருமி வெளியே நிற்கும். கத்தி இறங்கும்போது தோலில் இருந்ததைச் சதைக்குள் இழுத்துக்கொண்டு போகும். அங்கே சர்க்கரை, நீர் எல்லாம் தயாராக இருக்கிறது. தடுக்கப் புளிப்பும் இல்லை. புளிப்பைக் காட்டும் பிஹெச் எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்; அன்னாசியின் பிஹெச் பெரும்பாலும் 4க்குக் கீழே இருக்கும், முலாம்பழத்தில் அது 6க்கு மேல். அமெரிக்காவில் 2011ல் முலாம்பழம் வழியே பரவிய லிஸ்டீரியாவால் 147 பேர் நோயுற்றார்கள், 33 பேர் இறந்தார்கள். பழத்தைக் கழுவிப் பெட்டியில் அடைத்த கூடத்தில், தரையில் தேங்கிய நீரையும் சுத்தம் செய்ய முடியாத இயந்திரங்களையும் விசாரணை சுட்டிக்காட்டியது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

சரி, குளோரின் தண்ணீரில் கழுவினால் போதாதா? கழுவத்தான் வேண்டும். ஆனால் குளோரின் கழுவல் கிருமியைப் பத்தில் ஒன்றாகவோ நூறில் ஒன்றாகவோ குறைக்கும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரில் பழச்சாறும் மண்ணும் சேரச் சேர குளோரின் அவற்றோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். ஷிஃப்ட் தொடங்கும்போது நல்ல நிறம் காட்டிய சோதனைத் தாள், தொட்டியில் பழம் இறங்க இறங்க வெளுத்துக்கொண்டே வரும். அளவு சரிந்த தொட்டி கழுவுவதை விட்டுவிட்டு, ஒரு பழத்தில் இருந்ததை மற்றப் பழங்களுக்குப் பங்கு வைக்க ஆரம்பித்துவிடும். தண்ணீரின் வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். சூடான பழத்தைக் குளிர்ந்த நீரில் போட்டால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காம்பு வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அமெரிக்காவில் 1999ல் மாம்பழத்தால் பரவிய சால்மோனெல்லாவுக்கு இதைத்தான் காரணமாகச் சந்தேகித்தார்கள்: பழ ஈயைக் கொல்ல வெந்நீரில் முக்கிய பழங்களைக் குளிர்ந்த நீருக்கு மாற்றியிருந்தார்கள்.

ஸ்வாப் எடுக்கும்போது, அதாவது கிருமி இருக்கிறதா என்று பஞ்சுமுனையால் துடைத்துப் பார்க்கும்போது, கத்தியின் அலகில் பெரும்பாலும் ஒன்றும் சிக்காது, அதை எல்லோரும் தேய்த்துக் கழுவுவார்கள். அலகு கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் மெல்லிய கோடாக ஒரு இடுக்கு இருக்கும். பஞ்சுமுனையை அங்கே அழுத்தித் திருப்பினால் முனை பழுப்பாகிவிடும். அங்கே படிந்திருக்கும் படலத்துக்குள் பாக்டீரியா பத்திரமாக இருக்கும், மேலே ஊற்றுகிற கிருமிநாசினி உள்ளே போகாது. வடிகால் மூடியும் அப்படித்தான். அதை அதிக வேகமான தண்ணீர்க் குழாயால் அடித்துக் கழுவுவதை நான் பார்த்த உடனே நிறுத்தச் சொல்வேன். வடிகாலில் கிடப்பது திவலையாகத் தெறித்து மேசைக்கு ஏறும்.

இத்தனைக்கும் மேலே என்னை உறுத்துவது குளிர். நறுக்கிய முலாம்பழத்தை 5 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ வைக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. சால்மோனெல்லா அந்தக் குளிரில் அநேகமாக வளராது. லிஸ்டீரியா வளரும், மெதுவாக. டப்பாவுக்குள் காற்றை மாற்றியும் குளிரைக் கூட்டியும் பழத்தைப் பார்வைக்குப் புதிதாக வைத்திருக்க நன்றாகவே கற்றுக்கொண்டோம். கெடுக்கும் கிருமிகள் தாமதமாகின்றன. முன்பெல்லாம் அவை கிளப்பும் வாடை ஒரு எச்சரிக்கை மணி மாதிரி இருந்தது. அதை அடக்கிவிட்டு, லிஸ்டீரியாவுக்குக் கூடுதல் நாட்களையும் கொடுக்கிறோம். கர்ப்பிணிகளும் முதியவர்களும்தான் அதற்கு விலை கொடுப்பார்கள். கர்ப்பிணிக்கு லேசான காய்ச்சலாக வந்து போவது கருவைக் கலைத்துவிடலாம்.

அதனால் டப்பாவில் அச்சிடும் காலாவதித் தேதியைச் சுவைத்துப் பார்க்கும் குழு மட்டும் முடிவு செய்யக் கூடாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் வாதாடுகிறேன். ஆய்வகத்தில் பழத்துண்டில் வேண்டுமென்றே லிஸ்டீரியாவை இட்டு, கடையிலும் வீட்டிலும் நிஜமாக இருக்கக்கூடிய குளிரில் வைத்து, நாளுக்கு நாள் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் தேதி. பல பழங்கள் கலந்த டப்பா என்றால் அன்னாசி இன்னும் தாங்குகிறதே என்று நாள் கூட்டக் கூடாது. முலாம்பழத்துக்கு எத்தனை நாளோ, டப்பாவுக்கும் அத்தனை நாள்தான்.