1:48 அளவில் ஓர் எஃப்-16: ஒட்டி, தேய்த்து, வண்ணம் பூசி முடித்த அனுபவம்

எஃப்-16 போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றை 1:48 அளவில் கட்டி முடித்திருக்கிறேன். ஏறத்தாழ 15 மீட்டர் நீளமுள்ள விமானம் இந்த அளவில் 31 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. அப்படியென்றால், இரண்டு பாகங்கள் சேருமிடத்தில் நாம் விட்டுவிடும் கால் மில்லிமீட்டர் இடைவெளி உண்மையான விமானத்தில் 12 மில்லிமீட்டர் பிளவாகிவிடும்; சுண்டுவிரலை நுழைத்துவிடலாம். இந்தக் கணக்கு தொடக்கத்திலிருந்தே மனத்தில் இருந்ததால், மொத்த உழைப்பில் பெரும்பகுதியை வண்ணத்துக்கு முந்தைய வேலைகளுக்கே ஒதுக்கினேன். அழகு வண்ணத்தில் இருப்பதாகத்தான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் மெல்லிய வண்ணப்பூச்சு எந்தக் குறையையும் மூடுவதில்லை, இருக்கும் குறையை எடுத்துக்காட்டவே செய்கிறது.

பாகங்களை, அவை ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டுவதற்கு முன்பே எந்த வகை விமானத்தைக் கட்டப்போகிறோம் என்று முடிவு செய்துவிட வேண்டும். எஃப்-16இன் தயாரிப்பு வகைகளைப் பிளாக் எண்களால் குறிப்பார்கள். பிளாக் 50 என்றால் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்110 எஞ்சின், அதற்கேற்ற அகன்ற காற்று நுழைவாய். பிளாக் 52 என்றால் பிராட் அண்ட் விட்னியின் எஃப்100 எஞ்சின், சற்றே சிறிய நுழைவாய். பின்புறத்துக் குழலின் இதழ்களும் இரண்டிலும் வேறு வேறு. நான் பிளாக் 50-ஐத் தேர்ந்தெடுத்து, அந்த வகை விமானங்களின் படங்களை மேசையில் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினேன். செய்முறைத் தாள் எந்தப் பாகம் எங்கே என்று சொல்லும். அது எப்படித் தோற்றமளிக்க வேண்டும் என்பதைப் படங்கள்தான் சொல்கின்றன.

விமானி அறையில் அதிகம் தங்கவில்லை. அமெரிக்க எஃப்எஸ் 595 வண்ண அட்டவணையின் 36231 என்ற சாம்பல் நிறத்தைப் பூசி, கருவிப் பலகையைக் கறுப்பாக்கி, மேடான பகுதிகளில் உலர்ந்த தூரிகையால் வெளிர்நிறத்தைத் தொட்டுவிட்டேன். எஃப்-16இல் இருக்கை 30 பாகை பின்னால் சாய்ந்திருக்கும், கட்டுப்பாட்டுப் பிடி விமானியின் வலப்பக்கம் இருக்கும். இந்த இரண்டையும் சரியாக அமைத்துவிட்டால் மூடிக்குள் பார்ப்பவருக்கு அறை முழுமையாகவே தெரியும்.

காற்று நுழைவாய்க்குத்தான் நிறையப் பொறுமை தேவைப்பட்டது. இந்த விமானத்தில் அது வயிற்றின் கீழே வாய் திறந்து நிற்பதால், முன்பக்கத்திலிருந்து பார்க்கும் எவரின் கண்ணும் நேரே உள்ளே சென்று எஞ்சின் விசிறியில்தான் முடியும். அந்தச் சுரங்கமோ இரண்டு பாதிகளாக வருகிறது. அவை சேரும் கோடு உள்ளே நெடுக ஓடுகிறது. மெல்லிய திரவப் பசையை வெளிப்பக்கத்திலிருந்து விட்டு, பிளாஸ்டிக் சற்றே இளகி இணைப்பில் மணிமணியாகப் பிதுங்கும்வரை பாதிகளை அழுத்திப் பிடித்தேன். நன்றாக இறுகிய பிறகு, குச்சியில் சுற்றிய உப்புத்தாளால் உள்ளே தேய்த்தேன். எஞ்சிய பள்ளத்தில் பட்டி நிரப்பி மறுபடியும் தேய்த்த பின், நீர்த்த வெள்ளை வண்ணத்தைச் சுரங்கத்துக்குள் ஊற்றி, மெதுவாகச் சுழற்றி, மிச்சத்தை வடித்துவிட்டேன். தூரிகை நுழையாத வளைவிலும் தடமில்லாத வெண்மை கிடைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான்.

உடலின் இரண்டு பகுதிகளையும் இறக்கைகளையும் ஒட்டியபின் சாம்பல் நிற பிரைமரை (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சை) முதலில் இணைப்புகளின்மேல் மட்டும் அடித்தேன். பிளாஸ்டிக்கின் மேல் கண்ணுக்குத் தப்பும் கீறலும் குழியும் பிரைமரின் ஒரே சீரான, பளபளப்பற்ற மேட் பரப்பில் உடனே தெரிந்துவிடுகின்றன. தெரிந்த இடங்களில் பட்டி, உப்புத்தாள், மீண்டும் பிரைமர் என்று சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்தேன். விமானத்தின் உலோகத் தகடுகள் சேருமிடங்களைக் காட்டும் பேனல் கோடுகளில் தேய்க்கும்போது அழிந்தவற்றை, தடித்த ஒட்டுநாடாவை அளவுகோலாக ஒட்டிவைத்து, கூர் ஊசியால் பலமுறை மெதுவாக இழுத்து மீட்டெடுத்தேன். அழுத்தம் கூடினால் ஊசி தடம் மாறும். எடையே இல்லாதது போல் இழுக்க வேண்டும்.

விமானியின் கண்ணாடி மூடியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எஃப்-16இன் மூடி முன்னும் பக்கமும் சட்டங்கள் இல்லாத ஒரே குமிழ். அதன் பக்கங்கள் கீழே வரும்போது உள்நோக்கிக் குறுகுகின்றன. இப்படிப்பட்ட வடிவத்தைச் சாதாரண இரட்டை அச்சிலிருந்து வெளியே எடுக்க முடியாது என்பதால் வெளிப்புற அச்சையே பிரித்து அமைக்கிறார்கள். அதன் அடையாளமாக மூடியின் உச்சியில் நடுவே மெல்லிய மேட்டுக் கோடு ஒன்று விழுந்துவிடுகிறது. அப்படியே விட்டால் விமானத்தை முதலில் பார்ப்பவருக்கும் அந்தக் கோடுதான் தெரியும். கத்தி அலகைப் பரப்புக்குச் செங்குத்தாக நிறுத்தி, வெட்டாமல் சுரண்டி இழுத்தபோது கோடு வெண்பொடியாக உதிர்ந்தது. அதன்பின் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால், 1000இல் தொடங்கி 2000, 4000 என்று (எண் கூடக்கூடத் தாள் நுண்மையாகும்) மேலேறித் தேய்த்தேன். இந்தக் கட்டத்தில் மூடியின் உச்சி முழுவதும் பனி படர்ந்தது போல வெளுத்துவிடும். கெட்டுப்போய்விட்டதோ என்று கை தயங்கும். நிறுத்தாமல், 12000 வரை செல்லும் மெருகுத் துணிகளையும் கடைசியில் மெருகுப் பசையையும் கொண்டு சிறுவட்டங்களாகத் தேய்க்கத் தேய்க்க மங்கல் விலகியது. அச்சிட்ட தாளின்மேல் மூடியைப் பிடித்துக்கொண்டு நகர்த்திப் பார்த்தேன்; கோடு இருந்த இடத்தைக் கடக்கும்போது எழுத்துகள் வளையவில்லை, உடையவில்லை. பிறகு தெளிந்த அக்ரிலிக் மெருகில் முக்கியெடுத்து, தூசி படாமல் ஒரு டப்பாவால் மூடி உலர வைத்தேன்.

இனி வண்ணம். இந்த விமானத்தில் மூன்று சாம்பல்கள்: முதுகில் 36118, மூக்கிலும் வாலிலும் 36270, அடியில் 36375. இந்த எண்களில் முதல் இலக்கமான 3 பளபளப்பற்ற வண்ணத்தையும், அடுத்து வரும் 6 சாம்பல் குடும்பத்தையும் குறிக்கின்றன. கடைசி மூன்று இலக்கங்கள் கூடக்கூட நிறம் பொதுவாக வெளிறும். சாம்பல் விமானம் சலிப்பானது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. பச்சையும் பழுப்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அவையே கண்ணைக் கவர்ந்துவிடும். மூன்று சாம்பல்களோ ஒன்றோடொன்று கலந்துவிடாமலும் முரட்டுத்தனமாகப் பிரிந்துவிடாமலும் நிற்க வேண்டும். அதில்தான் கைத்திறனுக்கு வேலை இருக்கிறது.

முழு உடலுக்கும் கறுப்பு பிரைமர் அடித்து, அதன்மேல் 0.3 மில்லிமீட்டர் நாசி கொண்ட ஏர்பிரஷால் (காற்றழுத்தத்தால் வண்ணம் தூவும் கருவியால்), 15 பிஎஸ்ஐ அளவு குறைந்த காற்றழுத்தத்தில், பால் பதத்துக்கு நீர்க்கச் செய்த வண்ணத்தைச் சிறு கிறுக்கல்களாக நிரப்பினேன். பேனல்களின் நடுவில் அடர்த்தியாகவும் ஓரங்களில் மெலிதாகவும் விழும்படி செய்துவிட்டு, கடைசியில் அதே வண்ணத்தை இன்னும் நீர்க்கவைத்து முழுவதுமாக ஒருமுறை தூவியபோது, வெயிலில் நின்ற உலோகத்துக்குரிய ஏற்ற இறக்கம் வந்தது. வெளிறிய அடிப்பகுதியை முதலில் முடித்து, கருமை கூடிய முதுகைக் கடைசியில் வைத்துக்கொண்டேன். நிறங்கள் சந்திக்கும் எல்லையில் மாஸ்கிங் டேப்பை நேராக ஒட்டவில்லை. மென்பசைக் களிமண்ணைக் கயிறாகத் திரித்து வைத்து, ஏர்பிரஷைப் பரப்புக்குச் செங்குத்தாகப் பிடித்து அடித்தால் இறுக்கமான, ஆனால் கூர்மையற்ற எல்லை கிடைக்கிறது. லாக்கர் வகை வண்ணங்கள் என்பதால் கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கார்பன் வடிகட்டி முகமூடியும் திறந்த ஜன்னலும் கட்டாயம். சாதாரணத் துணி முகமூடி இதற்குப் போதாது.

டீகால்களை, அதாவது சின்னங்களும் எழுத்துகளும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப் படலங்களை, மேட் பரப்பில் ஒட்டக் கூடாது. அந்தச் சொரசொரப்பில் காற்று சிக்கிக்கொண்டு படலம் வெள்ளியாக மின்னும். ஆகவே பளபளப்பு வார்னிஷ் அடித்து உலரவிட்ட பின்பே அவற்றை எடுத்தேன். படலத்தை இளக்கும் மைக்ரோ சால் திரவத்தைத் தொட்டு வைத்ததும் படலம் சுருங்கி நெளிந்து அலங்கோலமாகிறது. அந்த நேரத்தில் விரல் வைக்கவே கூடாது. உலர உலர அது தானே இறங்கி, பேனல் கோட்டின் பள்ளத்துக்குள்ளும் படிந்துவிடுகிறது. அடுத்து, கோடுகளில் கரும்சாம்பல் நிற எனாமல் வாஷை (மிகவும் நீர்த்த வண்ணத்தை) ஓடவிட்டு, மிச்சத்தைக் காற்று ஓடும் திசையில், மூக்கிலிருந்து வாலை நோக்கி, துடைத்தெடுத்தேன். கறுப்பு வாஷ் வேண்டாம். சாம்பல் உடலில் அது பேனாவால் வரைந்தது போல நிற்கும். இவை அனைத்தையும் மேட் வார்னிஷ் ஒன்றாக்கியது.

எஞ்சின் குழலைத் தனியாக, பளபளக்கும் கறுப்பின்மேல் உலோக வண்ணங்களை மாற்றி மாற்றி அடித்து முடித்துப் பின்னால் செருகினேன். இறக்கை நுனிகளில், வானிலிருந்து வான் இலக்கைத் தாக்கும் ஆம்ராம் ஏவுகணைகளை வைத்தேன். வெடிமுனைக்கு மஞ்சள் பட்டையும் உந்து மோட்டாருக்குப் பழுப்புப் பட்டையும் இருந்தால்தான் அவை போர்க்கால ஏவுகணைகள், நீலப் பட்டை பயிற்சிக்கானது. சக்கரங்களை ஒட்டியதும் சமதளக் கண்ணாடியின்மேல் நிறுத்தி, இரண்டு இறக்கை நுனிகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அளந்து, பசை இறுகும் முன்பே கால்களைத் திருத்தினேன். மூக்கு நுனியில் இருக்கும், காற்றுவேகத்தை அளக்க உதவும் பிட்டாட் ஊசிதான் கடைசிப் பாகம். அதை முன்கூட்டியே ஒட்டினால் தேய்க்கும்போதோ மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போதோ முறிந்துவிடும் என்பதால், மூடியையும் பொருத்தி முடித்த பிறகே இடுக்கியால் எடுத்து நேராக வைத்தேன்.