கல்லணை ரோட்டில் போன 400 ரூபாய்

ஆட்டோக்காரர் மேல் உள்ள எரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மாநில நெடுஞ்சாலை 22, கல்லணையில் கிளம்பி காவிரிப்பூம்பட்டினத்தில் முடிகிற ரோடு. இந்த முனையில் கரிகாலன் கட்டியதாகச் சொல்லும் அணை, அந்த முனையில் அவன் பேரோடு சேர்ந்தே வரும் துறைமுகம். நாங்கள் போனது திருவையாறு வரைதான். முழுசாகப் போக லீவும் இல்லை, காசும் இல்லை.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ். அம்மாவுக்கு இலவசம், எனக்கு மட்டும் டிக்கெட். பட்ஜெட் அந்த ஒரு இடத்தில்தான் அழகாக இருந்தது.

கல்லணையில் ஆறு நாலாகப் பிரிகிறது: காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு. புது ஆறு பேருக்கேற்றபடி பிற்காலத்தது, மேட்டூர்த் திட்டத்தோடு 1934-இல் வந்த கால்வாய். பழைய அணை 1,080 அடி நீளம். மணலில் கல்லைப் போட்டு, அது புதையப் புதைய மேலே அடுக்கிய வேலை. வெள்ளைக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டன் இதைப் பார்த்து வியந்ததில் ஆச்சரியமே இல்லை. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு மதகில் சுழிக்கிற நுரையையே அரை மணி நேரம் பார்த்தாள். அந்த அரை மணியில் திருக்காட்டுப்பள்ளி பஸ் போய்விட்டது.

"அடுத்த பஸ் எப்ப வரும்னு சொல்ல முடியாது சார். ஐந்நூறு குடுங்க."

பேரம் பேசி 350. வழியில் கோவிலடியில் அப்பக்குடத்தான் பெருமாளைப் பார்க்க இறங்கினோம். இந்தப் பெருமாளுக்கு தினமும் ராத்திரி அப்பம் நைவேத்தியம். நாங்கள் போனது காலை பத்து மணி. அப்பமும் இல்லை, வெயிட்டிங் என்று மேலே ஐம்பது வேறு. திரும்ப ஏறி இரண்டு கிலோமீட்டர் போகவில்லை, ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு பஸ் எங்களைத் தாண்டியது. பின்னால் கொட்டை எழுத்தில் திருக்காட்டுப்பள்ளி. உள்ளே பாதி சீட் காலி! ஆட்டோக்காரர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ரோடு ஒரு இடத்திலும் நேராக இல்லை. ஆறு திரும்பினால் இதுவும் திரும்புகிறது. தார் ஓரமாகவே கரை, கரைக்குக் கீழே தண்ணீர். லாரி எதிரே வந்தால் ஓரம் கட்டி நின்றுதான் வழிவிட வேண்டும். அகலப்படுத்தச் சொல்கிறவர்கள் புளியமர நிழலில் ஒரு தடவை நின்றுவிட்டுச் சொல்லட்டும்.

திருக்காட்டுப்பள்ளிக்கு அப்புறம் பஸ்ஸில் தூங்கிவிட்டேன். எழுப்பியது நெய் வாசனை. திருவையாறு!

தியாகராஜர் சமாதிக்குத்தான் முதலில் போவதாக இருந்தோம். அம்மா அல்வாக் கடைப் பக்கம் திரும்பிவிட்டாள். அசோகா, பாசிப்பருப்பில் கிண்டியது. சுடச்சுட, விரலில் ஒட்டாமல் நெய் மட்டும் மினுக்கிக்கொண்டு. முதல் வாய்க்கு நான் பேசவில்லை. இரண்டாவதுக்கு ஆட்டோவை மறந்தேன். மூன்றாவதுக்குள் தாள் காலி.

வீட்டுக்கு அரைக் கிலோ கட்டச் சொன்னேன். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்: "நீ விடு, உன் காசெல்லாம் ஆட்டோவுக்குப் போச்சு."

சமாதிக்குப் போனபோது நடை சாத்தியிருந்தது. படித்துறையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம்.