பந்தைப் பார்க்காதே

2012 ஆகஸ்ட் மூன்றாவது வாரம் பிளாக்ஸ்பர்க் வந்து சேர்ந்தேன். வர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்கில், அப்பலாச்சியன் மலைகளுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர். என் வீட்டுக்காரர் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கிடைத்தது எஃப்-2 விசா. அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது. அந்தக் காலத்தில் பட்டப் படிப்பிலும் சேர முடியாது. திருச்செந்தூர் பக்கம் ஒரு பள்ளியில் ஐந்து வருடம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு வந்தவள் நான். காலை எட்டு மணிக்கு அவர் பஸ் ஏறிப் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவார். சமையலுக்கு ஒரு மணி நேரம், அம்மாவோடு போனில் அரை மணி நேரம். மீதிப் பொழுதெல்லாம் ஜன்னல் வழியே எதிர்வீட்டு வால்நட் மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்த வீட்டில் எழுபது வயது தாண்டிய கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் முப்பது வருடம் அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் கோச். எனக்கும் கோச்தான்.

செப்டம்பர் 3, திங்கட்கிழமை, தொழிலாளர் தின விடுமுறை. அன்று இரவு அட்லாண்டாவிலிருந்து ஜார்ஜியா டெக் அணி இங்கே ஆட வந்திருந்தது. ஊரின் மொத்த மக்கள்தொகையே சுமார் 42,000. வர்ஜீனியா டெக்கின் லேன் ஸ்டேடியத்தில் அப்போது 66,000 பேருக்கு மேல் உட்கார முடிந்தது. பிற்பகலிலேயே தெருவெல்லாம் மெரூன், ஆரஞ்சு நிறச் சட்டைகள். எங்களிடம் டிக்கெட் இல்லை. கோச்சின் மனைவி கதவைத் தட்டி, டிவியில் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டார். ஒரு டப்பா முறுக்கு எடுத்துக்கொண்டு போனோம்.

அதுவரை நான் அமெரிக்கன் ஃபுட்பால் பார்த்ததே இல்லை. முதல் பத்து நிமிடம் பந்து எங்கே இருக்கிறதென்றே எனக்குப் பிடிபடவில்லை. ஒருவர் கொடுக்கிற மாதிரி கையை நீட்டுவார், ஆனால் கொடுத்திருக்க மாட்டார். கீழே ஐந்து பேர் விழுந்து கிடக்கும்போது பந்து ஓரத்தில் இன்னொருவர் கையில் ஓடிக்கொண்டிருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டே கோச்சிடம் கேட்டேன். அவர் சொன்ன பதிலை இன்றைக்கும் அப்படியே சொல்வேன்: “பந்தைப் பார்க்காதே. யாரை யாரும் தடுக்கவில்லையோ, அவனைப் பார்.”

ஆட்டம் கூடுதல் நேரம் வரை போனது. முடிய 44 விநாடி இருந்தபோது ஜார்ஜியா டெக் 17-14 என்று முந்தியது. எங்கள் அணி கடைசி நொடியில் பந்தை உதைத்துச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் கைல் ஃபுல்லர் என்ற தடுப்பாட்டக்காரர் எதிரணி எறிந்த பந்தைப் பிடித்துவிட, 20-17 என்று ஜெயித்தோம். டிவியில் கேட்ட சத்தத்தோடு, மலையில் எதிரொலித்து வந்த நிஜச் சத்தமும் ஜன்னல் வழியே கேட்டது. ‘ஜெயித்தோம்’ என்று என்னை அறியாமலே சொல்லியிருக்கிறேன். ஊருக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

அந்த வாரமே கோச் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். அப்போதுதான் விழத் தொடங்கியிருந்த வால்நட் காய்களைப் பொறுக்கி வந்து வராந்தா மேஜையில் பரப்பினார். கருப்பு வால்நட்டின் பச்சைத் தோல் கையில் பட்டால் மருதாணிக் கறை மாதிரி நாள்கணக்கில் போகாது. அந்த இலையுதிர் காலம் முழுக்க என் விரல் நுனிகள் பழுப்பாகவே இருந்தன.

கணக்கு டீச்சருக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னார். ஒரு பக்கம் பதினொரு பேர், மறு பக்கமும் பதினொரு பேர். பந்தை வைத்திருக்கிற அணி நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். (யார்டு என்று அவர்கள் சொல்வது நம் ஜவுளிக்கடைக் கஜம்தான்.) வழக்கமான ஓட்டத்தில், முதலில் பந்தைக் கையில் வாங்குகிற குவாட்டர்பேக் அதை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார். கொடுத்தவர் யாரையும் தடுப்பதில்லை. வாங்கி ஓடுகிறவரும் தடுப்பதில்லை. அப்படியானால் தடுக்க மிச்சம் ஒன்பது பேர், எதிரில் பதினொரு பேர். தடுப்பணிக்கு இரண்டு பேர் லாபம்.

பந்து யாரிடம் போகும் என்பதை ஓடும்போதே முடிவு செய்கிற ஆப்ஷன் ஆட்டம் அந்த இரண்டு பேரையும் கணக்கிலிருந்து அடித்துவிடுகிறது. டிரிபிள் ஆப்ஷனில் பந்து போவதற்கு மூன்று வழி. முதலில் நடுவே நேராகப் பாய்கிற ஃபுல்பேக். தடுப்பணி வரிசையில் ஒருவரை வேண்டுமென்றே யாரும் தொடாமல் விட்டுவிடுவார்கள். அவர் ஃபுல்பேக் மேல் பாய்ந்தால், குவாட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெளிப்பக்கம் ஓடுவார். அவர் வெளியே நின்றால் பந்து ஃபுல்பேக்குக்கு. வெளியே ஓடும்போது எதிரில் இன்னொருவர், அவரையும் யாரும் தொடவில்லை. அவர் குவாட்டர்பேக்கைப் பிடிக்க வந்தால், பக்கவாட்டில் கூடவே ஓடி வருகிற மூன்றாமவருக்குக் குவாட்டர்பேக் பந்தைத் தட்டிவிடுவார். அதுதான் பிட்ச். தொடாமல் விட்ட இரண்டு பேரும் எதைச் செய்தாலும் தப்பாகிவிடும். அந்த இரண்டு பேரைத் தடுத்திருக்க வேண்டியவர்கள் இப்போது வேறு ஆட்களைத் தடுக்கப் போயிருப்பார்கள். பதினொன்றில் இரண்டு போக, தடுக்க வேண்டியது ஒன்பது பேரை மட்டும். மேஜையில் காய்களை நகர்த்திப் பார்த்துவிட்டு நானே சத்தமாகச் சிரித்துவிட்டேன். இவ்வளவு அழகான கழித்தல் கணக்கை நான் வகுப்பில்கூட எடுத்ததில்லை.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எமரி பெல்லார்ட் 1968-இல் விஷ்போன் என்ற அமைப்பைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த ஆட்டம் நாடெங்கும் பரவியது. பிறகு பந்தை எறிகிற ஆட்டம் பெருகி, இது சில இடங்களில் மட்டுமே தங்கியது. கடற்படை அகாடமியில் இதை நடத்திக்கொண்டிருந்த பயிற்சியாளர் பால் ஜான்சன் 2008-இல் ஜார்ஜியா டெக்குக்கு வந்தார். ஒரே பிரிவில் இருந்ததால் வர்ஜீனியா டெக் அவரை வருடா வருடம் சந்தித்தாக வேண்டியிருந்தது.

சரி, இதை எப்படித் தடுப்பது? என் மனசைப் பிடித்துக்கொண்டது இந்தக் கேள்விதான்.

கோச்சின் பதிலில் எந்த மந்திரமும் இல்லை. ஃபுல்பேக்குக்கு ஒருவர், குவாட்டர்பேக்குக்கு ஒருவர், பிட்ச் வாங்குகிறவருக்கு ஒருவர். பந்து அவரிடம் இருக்கிறதோ இல்லையோ, உன் ஆளை நீ அடித்துச் சாய்க்க வேண்டும். ஃபுல்பேக் பந்தில்லாமல் வெறுங்கையோடு வந்தாலும் அவரைப் பிடிக்க வேண்டியவர் பிடித்தே ஆகவேண்டும். பக்கத்தில் குவாட்டர்பேக் ஓடுகிறாரே, ஒரு எட்டு வைத்தால் பிடித்துவிடலாமே என்று தோன்றும். அந்த ஒரு எட்டுக்காகத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள்.

அவர் இதைச் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் ஊர் கிளித்தட்டு ஞாபகம் வந்துவிட்டது. மணலில் பெரிய கட்டம் போட்டு, குறுக்கே கோடுகள் கிழித்து, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒருவர் நிற்போம். அவரவர் கோட்டின் மேல்தான் நகரலாம். அடுத்த கோட்டில் ஆள் தப்பினாலும் உதவிக்குப் போகக் கூடாது. நடுக்கோட்டில் ஓடுகிற கிளி மட்டும் எல்லோருக்கும் துணை. மேஜையின் தூசியில் விரலால் கட்டம் போட்டுக் கோச்சுக்குக் காட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வால்நட்டை எடுத்து நடுக்கோட்டில் வைத்து, “இவன்தான் எங்கள் சேஃப்டி” என்றார். பின்னால் நின்று, பந்து எந்தப் பக்கம் போனாலும் உள்ளிருந்து வெளியே ஓடிவந்து அடைக்கிறவர். ஒரே ஒரு வித்தியாசம்: கிளித்தட்டில் கோட்டை விட்டு வர விதியே விடாது. இங்கே எந்த விதியும் தடுக்காது. அவனவன் மனசுதான் தடுக்க வேண்டும்.

கோச் தன் பள்ளியில் ஆப்ஷன் அணியோடு ஆட வேண்டிய வாரத்தில் பந்தையே ஒளித்து வைத்துவிடுவாராம். பயிற்சியில் எதிரணி வேஷம் போடுகிறவர்கள் பந்தில்லாமலே அத்தனை ஓட்டமும் ஓடுவார்கள். தடுப்பணிப் பையன்கள் ஒவ்வொரு தடவையும் மூன்று பேரையும் பிடித்தாக வேண்டும். பல பெரிய கல்லூரிகளிலும் இந்தப் பழக்கம் உண்டு. பந்து இல்லாவிட்டால் கண் அலைய இடமில்லை. “கண் எங்கே?” என்பதுதான் அவர் மைதானத்தில் அதிகம் கத்திய வார்த்தையாம்.

கடினமான விஷயம் இன்னொன்று, முழங்கால். ஆப்ஷன் அணியினர் நெஞ்சில் முட்டாமல் கீழே பாய்ந்து காலை வெட்டுவார்கள். விழுந்துவிட்டால் உன் வேலையும் போச்சு. கையைக் கீழே அழுத்தி, அவரைத் தரையில் தள்ளி, காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மறுபடி நிமிர்ந்து உன் ஆளைத் தேட வேண்டும். பெரிய ரப்பர் பந்துகளை முழங்காலை நோக்கி உருட்டிவிட்டு இதற்குப் பயிற்சி கொடுப்பார்கள். 2022-இல் ஓரப் பகுதிகளில் இடுப்புக்குக் கீழே இப்படிப் பாய்வதை விதியே தடை செய்துவிட்டது. முழங்கால்களை நினைத்தால் நல்ல முடிவுதான்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் ஏன் தோற்கிறார்கள்? நாட்கள் போதாது. மற்ற வாரமெல்லாம் பந்தை எறிகிற அணிகளோடு ஆடிவிட்டு, மூன்று நான்கு நாளில் மொத்தப் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். பயிற்சியில் வேஷம் போடுகிற பையன்களுக்கு நிஜ ஜார்ஜியா டெக்கின் வேகம் வராது. பருவம் முடிந்த பிறகு நடந்த 2010 ஜனவரி ஆரஞ்சு பௌல் ஆட்டத்துக்கு முன்னால் அயோவா அணிக்கு ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் கிடைத்தது. ஜார்ஜியா டெக்கை மொத்தம் 155 கஜத்தில் நிறுத்தி 24-14 என்று ஜெயித்தார்கள். 2012-இல் நாங்கள் பார்த்தது பருவத்தின் முதல் ஆட்டம், அதனால் எங்கள் அணிக்குக் கோடை முழுக்கக் கிடைத்திருந்தது. அன்றிரவு எங்கள் பையன்கள் அவ்வளவு பொறுமையாக நின்றது எப்படி என்று அப்போதுதான் விளங்கியது.

வர்ஜீனியா டெக்கின் தடுப்பாட்டத்தை 1995 முதல் நடத்தியவர் பட் ஃபாஸ்டர். அந்த அணிக்கு ஒரு அடையாளம் உண்டு: நசுங்கிய பழைய தூக்குவாளி. சுரங்கத் தொழிலாளி மதியச் சாப்பாடு எடுத்துப் போகிற மாதிரியான வாளி. நன்றாக உழைத்த தடுப்பாட்டக்காரரிடம் அதைக் கொடுப்பார்கள், அவர் மைதானத்துக்குச் சுமந்து வருவார். முதல் தடவை டிவியில் அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. உப்பளத்துக்கு விடியுமுன் தூக்குவாளியில் கஞ்சி எடுத்துப் போன என் தாத்தா கண்ணுக்குள் வந்து நின்றார்.

2014 செப்டம்பரில் முதல் முறையாக ஸ்டேடியத்துக்குள் போனேன். கோச்சின் மகள் வர முடியாததால் அவளுடைய டிக்கெட் எனக்குக் கிடைத்தது. இரண்டு வாரம் முன்புதான் எங்கள் அணி ஒஹாயோ ஸ்டேட்டை அதன் சொந்த மண்ணிலேயே 35-21 என்று தோற்கடித்திருந்தது. அந்த ஒஹாயோ ஸ்டேட்தான் அந்தப் பருவத்தில் தேசிய சாம்பியன் ஆனது. அவர்களையே அடக்கிய எங்கள் தடுப்பணி, ஜார்ஜியா டெக்கிடம் கடைசி நொடி உதையில் 27-24 என்று தோற்றது. மேலேயிருந்து பார்க்கும்போது டிவியில் தெரியாதது தெரிந்தது: பதினொரு பேரும் ஒரே சமயத்தில். ஒருவர் உள்ளே ஒரு எட்டு வைக்கிற கணத்தில் அவருக்குப் பின்னால் வாசல் திறக்கிறது. நான் “போச்சு!” என்று தமிழில் கத்தி இரண்டு விநாடி கழித்துத்தான் கூட்டம் கத்தியது. கோச் திரும்பி என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். எந்தப் பட்டத்தையும் நான் அவ்வளவு பெருமையோடு வாங்கியதில்லை.

நாங்கள் 2017-இல் வேலை நிமித்தம் ரிச்மண்ட் வந்துவிட்டோம். எனக்கும் வேலை அனுமதி கிடைத்து, இப்போது மறுபடி கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். கோச் மனைவியை இழந்து மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் ஜார்ஜியா டெக் ஆட்டம் வந்தால் போன் வந்துவிடும். 2018 அக்டோபர் 25, வியாழக்கிழமை இரவு, பிளாக்ஸ்பர்க்கில் ஆட்டம். எங்கள் தடுப்பணியில் அந்த வருடம் நிறைய இளம் பையன்கள். 49-28 என்று தோற்றோம். கிட்டத்தட்ட பந்தை எறியாமலே, ஓடி ஓடியே அடித்தார்கள். அந்தப் பருவத்தோடு பால் ஜான்சன் ஓய்வு பெற்றார். ஜார்ஜியா டெக்கும் ஆப்ஷனை விட்டுவிட்டது.

அன்றிரவு கோச்சின் பார்வை மங்கியிருந்தது. திரை சரியாகத் தெரியவில்லை என்றார். நான் போனில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் கால்பகுதியில் ஒரு பையன் பிட்ச் ஆளை விட்டுவிட்டு உள்ளே ஓடினான். வெளிப்பக்கம் காலியாகக் கிடந்தது. நடந்ததைச் சொன்னேன். கோச் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“கண் எங்கே இருந்தது?” என்று கேட்டார்.

“பந்தில், கோச்” என்றேன்.