முறிந்த முருங்கையும் டி.டி.எஸ். மீட்டரும்

ஐப்பசிக் காற்றில் கொல்லை முருங்கை முறிந்து விழுந்தது. அடுப்புக்கும் ஆகாத மரம். "ஓரமாப் போட்டுக் கொளுத்திடு" என்றார் அப்பா. நான் மூன்று துண்டு போட்டு, துணைக்கு ஒரு வேப்பங்கட்டையும் சேர்த்து, மதில் ஓரம் மண்ணில் கிடத்தினேன். காட்டில் விழும் மரம் தன் சத்தை மண்ணுக்கு எப்போது விடுகிறது என்று பார்க்க ஆசை.

இருந்த கருவி ஒன்றுதான், குடிதண்ணீர் பார்க்க வாங்கிய டி.டி.எஸ். மீட்டர். தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று தோராயமாகக் காட்டும். பச்சை முருங்கைச் சீவல் 50 கிராமை அரை லிட்டர் மழைத்தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டேன். 18 காட்டிய தண்ணீர் காலையில் 310 காட்டியது. வடித்துவிட்டு மறுபடி ஊறப்போட்டால் 120. மூன்றாவது தடவை 45. எந்த உப்பு என்று மீட்டர் சொல்லாது. ஆனால் மரத்திலிருந்து முதலில் ஓடுவதில் பெரும்பங்கு சாம்பல்சத்துதான், அதாவது பொட்டாசியம். அது நாரோடு ஒட்டிக் கிடப்பதில்லை, மரத்தின் நீரில் கரைந்தே இருக்கிறது. மக்கும்வரை காத்திருக்க வேண்டாம், மழை போதும்.

தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அப்படி இல்லை. இதில்தான் மாட்டிக்கொண்டேன். தை மாதம் ஒரு துண்டு ஈரப் பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. பட்டையை உரித்தால் உள்ளே பூஞ்சையின் வெள்ளை நூல் வலை. சரி, உரம் தயார் என்று உதிர்த்துச் சிறுகீரைப் பாத்தியில் கொத்திவிட்டேன். பத்தே நாளில் கீரை மஞ்சளாக வெளிறியது. அம்மாவிடம் நல்ல திட்டு. மரத்தில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சில நூறு பங்கு கார்பன் இருக்கிறது. அதைத் தின்கிற பூஞ்சைக்கு உடம்பு வளர்க்கத் தழைச்சத்து பற்றாது. மண்ணில் இருப்பதையும் இழுத்துக்கொள்ளும். காட்டிலும் விழுந்த கட்டை ஆரம்பத்தில் தழைச்சத்தைக் கொடுப்பதைவிடச் சேர்த்துவைப்பதுண்டு. பூஞ்சை செத்து, அதைப் புழுபூச்சி தின்று, அதற்கப்புறம்தான் மண்ணுக்குத் திரும்பும். கடலைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினேன். பாதிக் கீரை பிழைத்தது.

வேம்பு அசையவில்லை. கரையான் பட்டையையும் வெளிமரத்தையும் அரித்ததோடு சரி, உள்ளே இருக்கும் கெட்டி மரமான வைரத்தைத் தொடவில்லை. முருங்கையில் வைரம் என்று ஒன்று இருந்தால்தானே!

எடை போட்டுப் பார்த்ததெல்லாம் வீண். மழை பெய்தால் கட்டை கனக்கிறது, வெயிலில் லேசாகிறது. காயவைத்து நிறுத்திருக்க வேண்டும்.

இப்போது மறு ஐப்பசி. கடைசி முருங்கைத் துண்டைத் தூக்கப் பார்த்தேன், வரவில்லை. பக்கத்துக் கறிவேப்பிலையின் வேர் அடிப்பக்கமாக உள்ளே நுழைந்திருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.