அங்கோர் வாட்டுக்கு வைடு லென்ஸ்: முதலில் பெரிய கோயிலில் அளந்து பாருங்கள்

வெளிநாட்டுப் பயணத்துக்கு வைடு லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை எம்.எம். வாங்கலாம்?” என்பதுதான். (எம்.எம். எண் குறையக் குறையப் படத்துக்குள் வரும் காட்சி அகலும்.) அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அங்கே எவ்வளவு தூரம் பின்வாங்கி நிற்க முடியும்? கட்டடம் எவ்வளவு உயரம் என்பதை மட்டும் வைத்து லென்ஸை முடிவு செய்தால் பாதிப் பேருக்குத் தவறான லென்ஸ்தான் கைக்கு வரும்.

டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. அங்கோர் வாட்டின் நடுக்கோபுரம் தரையிலிருந்து 65 மீட்டர், அதாவது சுமார் 213 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி என்று சொல்கிறோம். கிட்டத்தட்ட ஒரே உயரம். ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கம்போடியா போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதை, பஸ் ஏறித் தஞ்சாவூர் போய் ஒரு காலைப் பொழுதில் கற்றுக்கொண்டு வந்துவிடலாம்.

கணக்கு எளிது. ஃபுல் ஃப்ரேம் (36 x 24 மி.மீ. சென்சார்) கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, அண்ணாந்து பார்க்காமல் நேர்மட்டமாக வைத்து, கோபுரத்தின் உச்சி வரை படத்துக்குள் வர வேண்டும். நிற்கும் தூரத்தை 18-ஆல் பெருக்குங்கள். கட்டடத்தின் உயரத்திலிருந்து உங்கள் கண்மட்டமான 5 அடியைக் கழித்து, வந்ததால் வகுங்கள். விடைதான் உங்களுக்கு வேண்டிய எம்.எம். கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால் 18-க்குப் பதில் 12. நிக்கான், சோனி, ஃபூஜியின் கிராப் சென்சார் (அதைவிடச் சிறிய சென்சார்) கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் அதே 12. கேனான் கிராப் சென்சார் இன்னும் கொஞ்சம் சிறியது என்பதால் அதற்கு 11.

இப்போது பெரிய கோயிலுக்குள் வாருங்கள். மதிலை ஒட்டிய தூண் மண்டபமான திருச்சுற்று மாளிகையையும் சேர்த்து வளாகம் ஏறத்தாழ 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். இரண்டு சதுரங்களை ஒட்டி வைத்த மாதிரி. அதில் மேற்குச் சதுரத்தின் நடுவில் விமானம். ஆகவே தெற்கு மதிலோரம் நின்றால் விமானத்தின் நடுப்புள்ளி உங்களிடமிருந்து 200 அடி. மாளிகையின் ஆழம் போனால் 180 அடிதான் மிச்சம். கணக்குப் போட்டால் 15.4 எம்.எம். வரும். 24 எம்.எம்மில் அங்கிருந்து உச்சி வெட்டுப்படும்; 16 மயிரிழையில் தவறவிடும்; 14 வேலையை முடித்துவிடும். அப்படியே தென்மேற்கு மூலைப் பக்கம் நகர்ந்து பாருங்கள். மூலைவிட்டம் என்பதால் தூரம் சுமார் 250 அடியாகிறது, 20 எம்.எம். போதும் என்றாகிவிடுகிறது. எழுபது அடி தூரம் கூடியதில் 6 எம்.எம். மிச்சம். பணமாகவும் எடையாகவும் பார்த்தால் அது பெரிய வித்தியாசம்.

நேர்மட்டமாக எடுத்த படத்தில் கீழ்ப்பாதி முழுவதும் கல்தளமாகத்தான் இருக்கும். கவலை வேண்டாம். 24 மெகாபிக்சல் படத்தில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கை வெட்டினாலும் 16 மிஞ்சும். பெரிய ஃபிரேம் போட்டு வீட்டில் மாட்டத் தாராளம். தளத்தைத் தவிர்க்கிறேன் என்று கேமராவை அண்ணாந்து சாய்த்தால் கோபுரம் பின்பக்கம் சாய்ந்து விழுகிற மாதிரி ஆகும். மென்பொருளில் நிமிர்த்தலாம்தான். ஆனால் நிமிர்த்தும்போது படத்தின் பக்க ஓரங்கள் இரண்டும் பறிபோகும். சாய்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் ஐந்தில் ஒரு பங்கு இடம் விட்டு எடுங்கள்.

அங்கோரில் இந்தக் கணக்கு என்ன சொல்கிறது? மேற்கு வாசலிலிருந்து கோயிலை நோக்கிப் போகும் கல்பாதை சுமார் 350 மீட்டர். வாசலில் நிற்கிறவருக்கு 50 எம்.எம். கூடப் போதும், அங்கே 14 எம்.எம். போட்டால் கோபுரங்கள் அடிவானத்தில் மிளகாகத்தான் தெரியும். எல்லோரும் மனதில் வைத்திருக்கும் அந்தக் குளத்துப் பிரதிபலிப்புப் படத்துக்கு கேமராவோடு வரும் கிட் லென்ஸின் 24 முதல் 35 வரையே சரி. வைடு தேவைப்படுவது நெருக்கமான இடங்களில்: நடுக்கோபுரத்தின் காலடி முற்றம், அங்கோரின் வேறு கோயில்களான தா புரோமில் கல்லைப் பிடித்திருக்கும் மரவேர்கள், பாயோனின் நெருக்கமான கல்முகங்கள். முழு 213 அடியையும் 100 அடி மட்டுமே பின்வாங்கி எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு 9 எம்.எம்முக்கும் கீழே போகும். அதற்கு எந்தச் சாதாரண லென்ஸாலும் ஈடுகொடுக்க முடியாது, சாய்த்துத்தான் எடுக்க வேண்டும். போகிற வழியில் கோலாலம்பூரில் இறங்குகிறவர்களுக்கும் இதே சேதி: 452 மீட்டர் பெட்ரோனாஸ் கோபுரங்களை 14 எம்.எம்மில் நேராகப் பிடிக்க 1,150 அடி தள்ளி நிற்க வேண்டும். ஆக, 16 எம்.எம்முக்கும் 12 எம்.எம்முக்கும் இடையிலான விலை வித்தியாசத்தைக் கொடுத்து நீங்கள் வாங்குவது, அங்கே சாய்த்து எடுக்க வேண்டிய படங்களில் ஒன்றிரண்டின் விடுதலையைத்தான்.

அங்கோரின் சுவர்ச் சிற்ப மண்டபங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேற்கு மண்டபத்தில் குருக்ஷேத்திரப் போரும் இலங்கைப் போரும். கிழக்கில் சுமார் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைதல். மண்டபம் குறுகல், பின்வாங்க இடமில்லை. உடனே கை வைடுக்குத்தான் போகும். போக வேண்டாம். ஓரத்தில் இருக்கும் அசுரர்கள் இழுத்த ரப்பர் மாதிரி ஆகிவிடுவார்கள். 35 எம்.எம். போட்டு, சுவருக்கு இணையாகப் பக்கவாட்டில் ஒவ்வோர் எட்டாக நகர்ந்து, முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கு அடுத்ததில் வருகிற மாதிரி எடுத்து, வீட்டுக்கு வந்து ஒட்டிக்கொள்ளுங்கள். கிழக்குச் சுவருக்குக் காலை வெளிச்சம், மேற்குக்கு மாலை வெளிச்சம்.

அப்படியானால் எந்த லென்ஸ்? கிராப் சென்சார் வைத்திருப்பவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது, கேனான் டி.எஸ்.எல்.ஆர். என்றால் இ.எஃப்-எஸ் 10-18 எஸ்.டி.எம். (240 கிராம்), நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். என்றால் ஏ.எஃப்-பி 10-20 (230 கிராம்). இரண்டிலும் அசைவுத் தடுப்பு உண்டு, எடை ஒரு தேங்காய் மூடிக்குச் சற்றுக் கூடுதல். நிக்கானில் ஓர் எச்சரிக்கை: ஏ.எஃப்-பி லென்ஸ் பழைய பாடிகள் சிலவற்றில் ஃபோகஸ் ஆகாது, உங்கள் பாடியில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். ஃபுல் ஃப்ரேம்காரர்களுக்கு எஃப் 4 ஜூம்கள் (எஃப் எண் சிறிதானால் ஒளி வரும் துளை பெரிது): நிக்கான் இசட் 14-30 (485 கிராம்), கேனான் ஆர்.எஃப் 14-35 (540 கிராம்), சோனி 16-35 பி.இசட். (353 கிராம்). பட்ஜெட் இடித்தால் கேனான் ஆர்.எஃப் 16 எஃப் 2.8 வெறும் 165 கிராம். அதன் ஓர வளைவை மென்பொருள்தான் நிமிர்த்துகிறது, மூலைக் கூர்மையில் அது தெரியும்.

எஃப் 2.8 ஜூம் வேண்டுமா? கல்யாண வேலைக்கு வேண்டும். கோயில் பார்க்கப் போகிறவருக்கு வேண்டாம். 16 எம்.எம்மில் எஃப் 8 வைத்து 1.1 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் அரை மீட்டரில் தொடங்கித் தொலைதூரம் வரை எல்லாம் கூர்மை. பகலில் அந்தத் துளையை (அப்பர்ச்சரை) அகலத் திறப்பதற்கு அங்கே வேலையே இல்லை. இருட்டு மண்டபத்தில் தூணில் முழங்கையை ஊன்றி 1/15 விநாடி தாங்கலாம். எஃப் 16-க்கு மேல் மூடாதீர்கள், மொத்தப் படமும் மந்தமாகும். மலிவு விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் என்பது பல இடங்களில் விதி. அந்த 7 கிலோவில் ஒரு கிலோ லென்ஸ் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். உதிரி பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது என்பதால் அவையும் இதே பையில்தான் வர வேண்டும்.

முன்கண்ணாடி முட்டை மாதிரி புடைத்த லென்ஸில் வழக்கமான திருகு ஃபில்டர் போட முடியாது. வானத்தை அடர்நீலமாக்கும் போலரைசர் ஃபில்டர் போட முடியாதே என்று வருந்த வேண்டியதில்லை. வைடில் போலரைசர் வானத்தின் ஒரு துண்டை மட்டும் கருநீலமாக்கி மற்றதை வெளிறவிடும். ஆனால் புடைத்த கண்ணாடியில் விரல் ரேகை பட்டு, வெயில் எதிரே வந்தால் படம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஒளிச்சிதறல் விழும். சட்டைப் பையில் ஒரு மைக்ரோஃபைபர் துணி இருக்கட்டும்.

வாங்கியதோ வாடகைக்கு எடுத்ததோ, கிளம்பும் முன் ஒரு சோதனை கட்டாயம். லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி இம்மியளவு கோணினாலும் படத்தின் ஒரு பக்கம் மங்கும். இதற்குப் பெரிய கோயில் அதிட்டானத்தின் (அடிப்பீடத்தின்) கல்வெட்டை விடச் சிறந்த அளவுகோல் கிடைக்காது. வரிவரியாக, கிட்டத்தட்ட ஒரே அளவு எழுத்துகள், தட்டையான கல். சுவரிலிருந்து ஆறடி தள்ளி, வ்யூஃபைண்டரில் கட்டத்தைப் போட்டு, கல்வெட்டு வரியும் கட்டக்கோடும் இணையாக வரும்வரை திருத்துங்கள். எஃப் 5.6. எடுத்த படத்தின் நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் ‘ழ’வின் சுழி எப்படித் தெரிகிறதோ அதைவிட மூலையில் சற்று மங்குவது சகஜம். நான்கு மூலையும் ஒரே அளவு மங்க வேண்டும், அவ்வளவுதான். இடது மேல் மூலை மட்டும் கரைந்திருந்தால், கேமராவைத் தலைகீழாகப் பிடித்து மறுபடி எடுங்கள். மங்கல் படத்தின் அதே மூலையில் வந்தால் கோளாறு லென்ஸில்; எதிர்மூலைக்கு மாறினால் நீங்கள் சுவருக்கு இணையாக நிற்கவில்லை. முக்காலி வேண்டாம், தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

தூரத்தை ஒரே முறை கணக்கிட்டு விட்டுவிடாமல், தாராசுரத்திலும் ஒரு நடை போய்வாருங்கள். அங்கே உயரம் பிரச்சினையே இல்லை. நெருக்கமான தூண்கள்தான் பாடம். மண்டபத்தின் நடுக்கோட்டில் நின்றால் தூண்கள் அழகாக உள்வாங்கும், ஓரடி விலகினாலும் ஒரு பக்கத் தூண் பூதாகாரமாகும். மனிதர்களை நிறுத்துவதாக இருந்தால் படத்தின் நடுப்பாதிக்குள் நிறுத்துங்கள். ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவின் தலை சுரைக்காய் ஆகிவிடும். அது லென்ஸின் குற்றமில்லை, அந்தக் கோணத்தின் இயல்பு.

இன்னொரு பயிற்சி மார்கழி விடியலில், கும்பகோணத்துத் தெருவில். வாசல் கோலத்துக்கு ஒன்றரை அடியில், முழங்கால் உயரத்தில் கேமராவை வைத்துப் பின்னால் கோபுரம் வருகிற மாதிரி எடுங்கள். கோலத்தின் இழை விரல் பருமனாகும், கோபுரம் பொம்மையாகச் சிறுக்கும். வைடு லென்ஸ் செய்யும் வேலையே இதுதான், அருகில் இருப்பதைப் பெரிதாக்குவது. அருகில் ஒன்றும் இல்லாமல் வெறும் சம்பா வயலை எடுத்தால் பாதி பச்சை, பாதி வானம். ஒரு வரப்பையோ மதகையோ காலடியில் பிடித்துக்கொண்டால்தான் படம் நிற்கும்.

மார்கழிக்கு வேறொரு நன்மையும் உண்டு. முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் கல்யாணப் புகைப்படக்காரர்களின் லென்ஸ்கள் பீரோவில் தூங்கும், கேட்டால் நாள் வாடகையில் கிடைக்க வாய்ப்பு அதிகம். கம்போடியாவில் மழையில்லாத காலமும் அதுவே. பத்து நாள் பயணத்துக்காக மட்டும் என்றால் வாடகைதான் புத்திசாலித்தனம். எடுக்கும்போது பின்பக்கமிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்; நூலாம்படை மாதிரிக் கிளைவிட்டிருந்தால் பூஞ்சை, நம் ஊர் ஐப்பசி ஈரத்தின் உபயம். தூசி இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை. லென்ஸின் சீரியல் எண்ணை எழுதிவைத்து, புறப்படும்போது விமான நிலையச் சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது இங்கிருந்து கொண்டுபோனதுதான் என்று நிரூபிக்க அது ஒன்றே போதும்.

ஏ.சி. அறையிலிருந்து நேரே வெளியே வந்தால் அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பிலும் லென்ஸ் வியர்க்கும். கிளம்புவதற்கு அரைமணி முன்பே பையை ஜிப் திறக்காமல் பால்கனியில் வைத்துவிடுங்கள். பனித்த கண்ணாடியைத் துடைக்காதீர்கள், தானாக ஆறட்டும். அந்த ஈரத்தோடு லென்ஸைக் கழற்றினால் சென்சாரும் பனிக்கும். ராத்திரி சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போடுங்கள். வீட்டு வழக்கம் என்று அரிசிக்குள் புதைக்க வேண்டாம். அரிசி மாவு ஜூம் வளையத்தின் இடுக்கில் போய் அமர்ந்தால், திருப்பும்போதெல்லாம் நறநறக்கும்.